கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டி

சேரன்மகாதேவி
ஐப்பசி 12

அன்புள்ள கோமதி,

நலம். நீயும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான்கு நாளாக அடைமழை. ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போகிறது. பிசானத்துக்கு நாற்றுப் பாவியவர்கள் வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது, வேறு சேதமில்லை.

போனில் நம் புத்தகங்களுக்குப் பணம் கட்டி ஏமாந்த விஷயத்தை எடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஏட்டி, கோபப்படாமல் கடைசிவரை படி.

நான் என் புத்தகத்தைப் போட்ட பதிப்பகத்தின் மீது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். ஆடியில் போட்டேன். அவர்களுடைய பதில் புரட்டாசியில் வந்தது. போன வாரம் வாய்தாவுக்குப் போய்விட்டு வந்தேன். வக்கீல் வைக்கவில்லை. நம் வழக்கை நாமே நடத்தலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது.

நடந்ததை உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பத்தமடையில் பாய் நெய்த பெண்களைப் பற்றி இருபது வருஷமாகக் குறித்து வைத்திருந்ததையெல்லாம் புத்தகமாக்கத்தான் போனேன். ஓய்வூதிய நிலுவையாக வந்த பணத்திலிருந்து 62,000 ரூபாய் கட்டினேன். அதில் அச்சுக்கு 42,000, பதிப்புரிமைப் பதிவுக்கு 8,000, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு 6,000, விளம்பரத்துக்கு 6,000. மொத்தமாக ஒரே தடவையில் அடிக்கும் ஆஃப்செட்டில் 500 பிரதி, நூலகங்களுக்கு வாங்கும் ஆணை, புத்தகத் திருவிழாவில் அரங்கு என்று எல்லாம் பேசினார்கள். வீட்டுக்கு வந்தது 40 பிரதி. மீதி கிட்டங்கியில் இருக்கிறது, விற்க விற்கக் கணக்கு வரும் என்றார்கள். ஒரு வருஷம் கணக்கே வரவில்லை. பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் ஒவ்வொரு அரங்காக ஏறி இறங்கித் தேடினேன். என் புத்தகம் எங்கேயும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

தங்கை மகள் இணையத்தில் ஒரு பிரதி வாங்கி அனுப்பினாள். தாளும் வேறு, அட்டையின் நிறமும் வேறு. பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் இரண்டையும் காட்டினேன். புரட்டிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டான்: “டீச்சர், ரெண்டுமே ஆஃப்செட் இல்லை. ஆர்டர் வர வர டிஜிட்டலில் அடித்துக் கொடுக்கிறது.” அப்படியென்றால் கிட்டங்கியில் 460 பிரதி என்பது பொய்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஐஎஸ்பிஎன் எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளரே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். பதிப்புரிமைப் பதிவுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். அந்தப் பதிவும் கட்டாயமில்லை, நாம் எழுதி முடித்தபோதே உரிமை நம்முடையது. இதற்கெல்லாம் சேர்த்து 14,000 ரூபாயைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னேன். அவர்கள் இரு தரப்பிலும் பேசிச் சமாதானம் செய்து பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பதிப்பகத்தார் மழுப்பிவிட்டார்கள். அப்புறம் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். சட்டப்படி அது கட்டாயமில்லை, ஆனாலும் நாம் கேட்டதற்கு ஒரு சான்று வேண்டுமல்லவா? பதினைந்து நாள் பார்த்துவிட்டு மனுவை எழுதினேன். ஒப்பந்தம், வங்கி ரசீது, வாட்ஸப்பில் அவர்கள் பேசியதன் அச்சுப் பிரதி, இரண்டு புத்தகங்கள், ஒரு பிரமாணப் பத்திரம், இவ்வளவுதான். நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வழக்கு என்றால் அவர்கள் ஊரில்தான் போடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் இத்தனை மாதம் பயந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். நீ மதுரையிலேயே போடலாம்.

அவர்களுடைய பதிலில் ஒரு வாதம் இருக்கிறது, அதை நீயும் சந்திக்க வேண்டியிருக்கும். நான் புத்தகம் விற்று லாபம் பார்க்க வந்தவளாம். வணிக நோக்கத்தோடு சேவை வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டாராம். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புத்தகத்தின் விலை 150 ரூபாய். ராயல்டி 10 சதவீதம். 500 பிரதியும் விற்றுத் தீர்ந்தால்கூட எனக்கு வருவது 7,500 ரூபாய். 62,000 கட்டி 7,500 எடுப்பது என்ன வணிகம்? நான் காசு கொடுத்து வாங்கியது அச்சிட்டு வெளியிடும் சேவையை. அதில்தான் குறை, அதில்தான் பொய். இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆணையம் என்ன சொல்லுமோ, அடுத்த வாய்தா கார்த்திகையில்.

மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா நீளத்தான் செய்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அறையில் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன் பார், பத்தமடைப் பெண்கள் என்னிடம் பேசிய பேச்சையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கவிதைகளுக்கு நீ 35,000 கட்டியதையும், ஒரு பெட்டி மட்டும் வந்ததையும், அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டதையும் ஒரே ஒரு தடவை சொன்னாய். “போகட்டும் விடு, காசு கொடுத்துக் கவிதை போட்டவள் என்று நாலு பேர் சிரிப்பார்கள்” என்றாய். அந்தக் கூச்சம்தான் கோமதி அவர்களுக்கு மூலதனம். நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அடுத்த டீச்சரம்மா, அடுத்த போஸ்ட்மாஸ்டர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாராள் தக்கர் விடுதியில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நீ வாசித்த கவிதைகளைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை.

கவிதைகளே அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டன என்று அழுதாயே, அது அப்படியில்லை. கையெழுத்திட்ட எழுத்துமூல ஆவணம் இல்லாமல் உரிமையை மாற்றிக் கொடுக்க முடியாது. அப்படி ஆவணம் இருந்து, அதில் எத்தனை காலம் என்று எழுதவில்லையென்றால் ஐந்து வருஷம்தான் செல்லும். நீ கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதைவிட அவசரம் தேதி. மனுப் போட இரண்டு வருஷம்தான் கெடு. நீ பணம் கட்டியது போன வருஷம் தை மாதம். பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கா, தருவதாகச் சொன்ன நாள் தவறியதிலிருந்து கணக்கா என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் வருகிற தைக்குள் போட்டுவிடு. முட்டுவலியோடு எப்படி அலைவது என்பாய். மனுவை நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், காணொளியில் விசாரிக்கும்படியும் கேட்கலாம்.

வருகிற சனிக்கிழமை காலையில் மதுரைக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், மருமகளிடம் சொல். ஒப்பந்தத்தையும் வங்கிப் புத்தகத்தையும் தேடி வை. அந்தப் பெட்டியை நீயே குனிந்து இழுக்காதே, பேரனை விட்டு வெளியே எடுக்கச் சொல். எத்தனை பிரதி தந்தார்கள் என்பதை மனுவில் எழுதவேண்டும், இரண்டு பேருமாக எண்ணிவிடலாம்.

உன்
இசக்கி