எங்கள் எஃப்.சி. தாள்கள் உங்களிடம்தானே இருக்கின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மதுரையில் 22 ஆண்டுகளாக வாடகைக் கார் தொழில் செய்து வருகிறேன். ஒரே ஒரு வண்டியோடு தொடங்கினேன், இன்று நான்கு டி-போர்டு வண்டிகள் ஓடுகின்றன. உறவினர்களில் யாருக்காவது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டால் அடுத்த நாளே எனக்குப் போன் வந்துவிடும். போன தீபாவளிக்கு அழைத்தவன் என் தங்கை மகன். "மாமா, நம் நாட்டுக் கம்பெனி வண்டி எடுக்கலாமா, வெளிநாட்டுக் கம்பெனி வண்டி எடுக்கலாமா? எது அலைக்கழிக்காமல் ஓடும்?"

22 ஆண்டு அனுபவத்தைத் திரட்டி ஏதோ ஒரு பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு யோசித்தால், நான் சொன்னது பதிலே இல்லை. என்னிடம் வந்துபோன ஏழெட்டு வண்டிகளின் கதைதான் அது. எஃப்.சி. என்று நாங்கள் சொல்லும் தகுதிச் சான்றுப் பரிசோதனையின் தாள்களாக, லட்சக்கணக்கான வண்டிகளின் கதை உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரு மனிதனின் அனுபவத்தை வைத்து ஒரு பெயரைக் கெடுப்பது நியாயமில்லை என்பதுதான் இந்த மடலின் வாதமே.

2011-இல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கார் வாங்கினேன். இருக்கை வசதியும் மலையேறும் பலமும் பிரமாதம். ஆனால் 60,000 கிலோமீட்டருக்குள் இரண்டு முறை கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது முறை கொடைக்கானல் மலைப்பாதையில், வெள்ளி நீர்வீழ்ச்சிக்குச் சற்றுக் கீழே கருகல் வாடையோடு நின்றுவிட்டது. உள்ளே ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தை ஒன்று, பாட்டி ஒருவர். சர்வீஸ் நிலையத்தில் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? "உங்கள் டிரைவர் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறார்." இருக்கலாம் என்று நானும் நம்பினேன், டிரைவரைத் திட்டவும் செய்தேன். பிறகு எங்கள் ஸ்டாண்டில் விசாரித்தால் அதே மாடல் வைத்திருந்த இன்னும் நான்கு பேருக்கும் அதே கதை, அதே விளக்கம். ஐந்து டிரைவர்களின் இடது காலும் ஒரே மாதிரியா வளர்ந்திருக்கும்? அந்த டிரைவரிடம் நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

அடுத்து 2015-இல் ஓர் உள்நாட்டு நிறுவனத்தின் வண்டி. அதன் என்ஜினைத் திறக்காமலே 3,10,000 கிலோமீட்டர் ஓட்டினேன். ஆனால் மழைக்காலம் வந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் கார்த்திகை தீபம் போல வரிசையாக எரியும். எந்த விளக்கு மெய், எந்த விளக்கு பொய் என்று வண்டிக்கே தெரியாது. இருந்தும் உசிலம்பட்டியில் நின்றாலும் போடியில் நின்றாலும் அந்த ஊர் மெக்கானிக் அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவார்.

இரண்டில் எது நம்பகமானது? எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நிற்காமல் ஓடுவது ஒன்று, நின்றால் எழுப்ப முடிவது இன்னொன்று. அம்பாசடர் இரண்டாவது வகை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் உருவில் பிறந்து, 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அது வழியில் நிற்காத வண்டி என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் அதைச் சரிசெய்யத் தெரியாத ஊர் இந்தியாவில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

என் தங்கை மகனின் கேள்வியிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. உள்நாடு, வெளிநாடு என்ற கோட்டை எங்கே கிழிப்பது? மாருதியை நம் வீட்டுப் பிள்ளையாகத்தான் நினைக்கிறோம், அதன் பங்குகளில் பாதிக்கு மேல் ஜப்பானின் சுஸுகியிடம் இருக்கிறது. ஹூண்டாய் கொரியக் கம்பெனி, அதன் கார்கள் 1998-இலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருகின்றன. எம்.ஜி. என்பது ஆங்கிலேயப் பெயர், வாங்கியது சீன நிறுவனம், இந்தியாவில் கால் ஊன்றியது குஜராத்தின் ஹாலோலில், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுச்சென்ற தொழிற்சாலையில். பிறகு நம் நாட்டு ஜே.எஸ்.டபிள்யூ. குழுமமும் பங்கு சேர்ந்தது. ஜாதகம் எழுதினால் எந்த நாட்டு லக்கினம் என்று ஜோதிடரே குழம்பிவிடுவார். 1998 டிசம்பரில் நம் நாட்டுக் கார் என்ற பெருமையோடு டாடா அறிமுகம் செய்த இண்டிகாவின் உருவத்துக்கும் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பகம் ஒன்று கைகொடுத்திருந்தது. அதன் முதல் வண்டிகளில் குறைகள் ஏராளம். டாடா அவற்றைத் திருத்தி 2001-இல் வி2 என்று கொண்டுவந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் துணிந்து வாங்கினோம். பெயரும் மாறவில்லை, நாடும் மாறவில்லை, வண்டி மட்டும் மாறியது.

இன்னும் வேடிக்கை, 1,248 சி.சி. ஃபியட் டீசல் என்ஜினின் கதை. மாருதி ஸ்விஃப்டில் அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர், டாடாவில் குவாட்ராஜெட், ஃபியட்டில் மல்டிஜெட். மூன்றும் ஒரே இத்தாலியக் குடும்பம். ஸ்விஃப்ட் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த மக்கள், அதே என்ஜின் கொண்ட ஃபியட் லீனியாவை ஷோரூமில் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். "இத்தாலிக்காரன் வண்டி, நமக்கு ஒத்துவராது" என்று என்னிடமே சொன்னவர் ஒருவர் மறுவாரம் ஸ்விஃப்ட் டீசலில் வந்து இறங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இனிப்பு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

2019-இல் டொயோட்டா கிளான்ஸா வந்தபோது இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. அது மாருதி பலேனோவேதான். மாருதி தயாரித்துக் கொடுக்க, டொயோட்டா தன் முத்திரையை ஒட்டி விற்றது. பலேனோவுக்கு அப்போது வாரண்டி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். கிளான்ஸாவுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். அதே வண்டி, அதே இரும்பு. நம்பிக்கையின் அளவு மட்டும் முத்திரைக்கு முத்திரை மாறியது. மாருதி தன் வாரண்டியை அந்த அளவுக்கு உயர்த்த 2024 வரை ஆனது.

வெளிநாட்டு நிறுவனம் என்றதும் எங்களுக்கு வரும் இன்னொரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். 2017-இல் ஷெவர்லே போனது, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் விற்பனைக்கான கார் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்னது, 2022-இல் டாட்சன். சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்று ஃபோர்டு அப்போதே அறிவித்தது. ஆனால் அறிவிப்பு வந்த வாரமே மறுவிற்பனை விலையைப் பற்றிய பேச்சு எங்கள் ஸ்டாண்டில் மாறிவிட்டது. போய்விட்ட கம்பெனியின் வண்டி வைத்திருப்பவனுக்கு என்றைக்காவது ஒருநாள் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடி அலைய வேண்டிவருமோ என்ற கவலை இருந்துகொண்டே இருக்கும். இதற்கு உங்களால் முழுத் தீர்வு தர முடியாது, தெரியும். ஓடும் வண்டிகளைப் பற்றியாவது உண்மையைச் சொல்லலாமே.

நீங்கள் எதையுமே சொல்வதில்லை என்று குறைகூறவில்லை. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற சான்று இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் மூலம் மோதல் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்த நட்சத்திரம் மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரின் கியர்பாக்ஸ் 80,000 கிலோமீட்டரில் என்ன கதியாகும் என்று அதில் இல்லை. ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார், வாங்குபவரும் தலையாட்டுகிறார்.

அந்த நட்சத்திரத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே விற்ற ஐந்து சிறிய கார்களைச் சுவரில் மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. அடிப்படை மாடல்களில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்துக்கும் பூஜ்யம். டாடாவுக்கும் பூஜ்யம், ஃபோக்ஸ்வாகனுக்கும் பூஜ்யம். ஐந்தே ஆண்டுகளுக்குள், 2018 டிசம்பரில், டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இன்று நட்சத்திரத்தைப் போட்டிபோட்டு விளம்பரம் செய்கிறார்கள். கம்பெனிகள் தாமாகத் திருந்தவில்லை. மதிப்பெண் ஊருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் திருந்தினார்கள்.

குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கட்டாயப்படுத்தும் விதியை 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்தினீர்கள். ஏழு வயது வரையுள்ள வண்டிகளுக்கு அது பொருந்தும், 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அது உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறைகளுக்குத்தான். மாதத் தவணை கட்டுகிறவனின் பிழைப்புக்கு ஆபத்தான குறை அந்தக் கணக்கில் வராது.

ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், வழியில் நின்ற வண்டிகளை மீட்கப் போகும் தன் ஊழியர்களின் பதிவுகளை வைத்து, எந்த மாடல், எந்த ஆண்டு வண்டி, ஆயிரத்துக்கு எத்தனை நின்றது என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பெரும்பாலும் நிற்கக் காரணம் பேட்டரிதான் என்பதுகூட அந்தக் கணக்கிலிருந்து தெரிந்ததுதான். அந்தப் பட்டியலில் ஜெர்மன் கார் என்பதற்காக யாருக்கும் சலுகை இல்லை. பிரிட்டனில் மூன்று வயதான கார்கள் ஆண்டுக்கு ஒருமுறை எம்ஓடி பரிசோதனைக்குப் போக வேண்டும். மாடல், ஓடிய தூரம், தேர்ச்சியா தோல்வியா, தோல்வி என்றால் எந்தப் பாகத்தால் என்ற விவரம் முழுவதையும், உரிமையாளர் யார் என்பதை மறைத்துவிட்டு, அரசே பொதுவில் வைக்கிறது.

நம்மிடம் அப்படி ஒன்று இல்லையா? இருக்கிறது. எங்கள் எஃப்.சி. புது டி-போர்டு வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு, பிறகு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். சொந்த உபயோகக் கார் பதினைந்து வயதில்தான் அந்த வாசலுக்கு வரும். எங்கள் வண்டிகளோ ஆண்டுக்கு 60,000, 70,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. குடும்பக் காரில் எட்டாவது ஆண்டில் தலைகாட்டும் நோய் எங்களுக்கு இரண்டாவது ஆண்டிலேயே வந்துவிடும். ஒரு மாடலின் உடம்பைப் பற்றி அறிய எங்களைவிட நல்ல நோயாளி உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

வண்டிப் பதிவுகளுக்கான உங்கள் ‘வாகன்’ இணையதளத்தில் எந்த நிறுவனம் எந்த ஆர்.டி.ஓ. எல்லையில் எத்தனை வண்டி விற்றது என்பதை நானே போனில் பார்க்கிறேன். எத்தனை எஃப்.சி.யில் தேறவில்லை, எதனால் தேறவில்லை என்பதை மட்டும் பார்க்க முடியவில்லை. விற்பனைக் கணக்கு கம்பெனிக்கு உதவும். எங்களுக்கு உதவக்கூடிய கணக்கு உள்ளே பூட்டிக் கிடக்கிறது.

எஃப்.சி. பதிவை நம்பலாமா என்று நீங்களே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புரோக்கர் கையைப் பிடித்துப் போனால் பிடிக்காத பிரேக்கும் பிடித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாததா? அதற்காகத்தானே இயந்திரமே அளந்து பதிவுசெய்யும் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களைக் கொண்டுவருகிறீர்கள். கூடவே ஓடிய தூரத்தையும் கட்டாயம் பதியச் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்பி விற்கும் கூட்டத்துக்கும் அது ஒரு பூட்டு. சாலை மோசம், டீசல் கலப்படம், டிரைவர் சரியில்லை என்று கம்பெனிகள் சொல்லும். மதுரைச் சாலையும் மதுரை டீசலும் எல்லா மாடலுக்கும் பொதுதானே. ஓடிய தூரத்தோடு சேர்த்து மாடலுக்கு மாடல் ஒப்பிட்டால், டிரைவரின் கால் எது, கம்பெனியின் கிளட்ச் எது என்று பிரிந்துவிடும்.

அந்தப் பட்டியல் வந்தால் உள்நாட்டு நிறுவனங்களின் பெயர் கெடும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 2014-இல் வந்த ஐந்து பூஜ்யங்களை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

தங்கை மகன் தை மாதத்தில் வண்டி எடுக்கிறான். அதற்குள் எதுவும் நடக்காது, தெரியும். என் வண்டி ஒன்றை அடுத்த மாதம் எஃப்.சி.க்குக் காட்டப்போகிறேன். வயது ஆறு, ஓடிய தூரம் 3,42,000 கிலோமீட்டர், சஸ்பென்ஷன் சற்றே சத்தம் போடுகிறது. தேறினாலும் தேறாவிட்டாலும், கம்பெனி பெயரோடு, மாடல் பெயரோடு அதைப் பொதுவில் போட்டுக்கொள்ளுங்கள். உரிமையாளர் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாடகைக் கார்க்காரர்