பில் போட்ட பணமும் கைக்கு வந்த பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கருப்பூரில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்காவைப் பற்றியும், ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகத்தைப் பற்றியும் நம் சேலத்தில் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அஸ்தம்பட்டியிலும் அழகாபுரத்திலும் மாடி அறைகளில் மூன்று பேர், ஐந்து பேராக அமர்ந்து இணையதள வடிவமைப்பு, அனிமேஷன், வீடியோ எடிட்டிங் செய்யும் சிறு நிறுவனங்களின் கணக்கு வழக்கைப் பற்றிப் பேசுவார் இல்லை. அவற்றில் சிலவற்றுக்குக் கணக்கு எழுதி வருபவன் நான். வேலை கிடைக்காமல் நொடித்தவர்களைவிட, வேலை குவிந்து கிடந்தும் கையில் பணமில்லாமல் நொடித்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பட்டதாரி இளைஞர்கள் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்து, ஜனவரியில் 2,00,000 ரூபாய்க்கும், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 36,000 ரூபாய்க்கும் பில் போட்டார்கள். பில் போட்ட மாதத்தின் வரியை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பணம் வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். மே மாதக் கடைசியில் வங்கியில் வரவானது 2,16,000 ரூபாய்தான். குறைந்த 20,000 ரூபாய், பணம் கொடுத்த நிறுவனம் பிடித்துக் கட்டிய வருமான வரி. அது அவர்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும் என்பதும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதும் தெரியாமல், பார்ட்டிக்குக் கொடுத்த தள்ளுபடி என்றே எழுதி வைத்திருந்தார்கள். கட்டாத ஜிஎஸ்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறின. இடையில் எடிட்டிங் பையனுக்குப் பிப்ரவரி சம்பளம் கொடுப்பதற்காக, இருவரில் ஒருவர் தம் மனைவியின் வளையலை அடகு வைத்தார். பெட்ரோல் பில்களோடு அந்த அடகுச் சீட்டும் மஞ்சள் பையில் என் மேசைக்கு வந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். அப்படித் தராமல் நிலுவையில் வைத்த தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டு வரை, சேவையை வாங்கிய நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நம் இளைஞர்கள் இதற்குரிய, கட்டணமில்லாத உதயம் என்ற அரசுப் பதிவைச் செய்திருந்தார்கள். ஆனால் அந்தப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடவில்லை. பணம் கேட்டு ஒரு கடிதம்கூட எழுதவில்லை, வாட்ஸ்அப்பில் வணக்கம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவன். என் தந்தையார் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் கொடுத்த வெள்ளியை மாலையில் கொலுசாகவும் துகளாகவும் மீண்டும் எடை போடுவார்கள்; தரையைக் கூட்டிய தூசியைக்கூடக் கொட்டிவிட மாட்டார்கள். வடிவமைப்பு நிறுவனத்துக்கு வெள்ளி என்பது ஆட்களின் நேரம். அதை எடை போடுபவர் எவரையும் நான் காணவில்லை. "சின்னக் கரெக்‌ஷன்தான்" என்று பார்ட்டி ஏழாவது முறை கேட்கும்போதும் சேதாரம் எழுதப்படுவதில்லை. என் வற்புறுத்தலால் ஒரு நிறுவனம், எந்த வேலைக்கு யார் எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி வந்தது. அதிக வருமானம் தருவதாக நினைத்திருந்த பார்ட்டியிடம்தான் நஷ்டப்பட்டு வந்தோம் என்பது அதில் தெரிந்தது. இப்போது அவர்கள் கொட்டேஷனிலேயே இரண்டு திருத்தங்களுக்கு மேல் தனிக் கட்டணம் என்று குறிப்பிடுகிறார்கள். பார்ட்டி ஒருவரும் விலகவில்லை.

வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்துவிட்டால் வரி கட்டாமலே சேவையை ஏற்றுமதி செய்யலாம். அது மார்ச் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை, ரிட்டர்ன் தாக்கல் செய்ய மட்டும் ஆடிட்டரிடம் போனால் அவர் நடந்ததைத்தான் எழுத முடியும். ஆகவே மாவட்டத் தொழில் மையமும், பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் சேலம் கிளையும் சேர்ந்து, மாதம் ஒரு சனிக்கிழமை, இந்தச் சிறு நிறுவனத்தாருக்குத் தமிழிலேயே ஆலோசனை முகாம் நடத்த வேண்டும். மேடைப் பேச்சு வேண்டாம். அவரவர் பில்லையும் வங்கிக் கணக்கையும் கொண்டுவந்து, எதிரே அமர்ந்து கேட்கும்படி இருக்க வேண்டும். புதிய நிதியாண்டு பிறக்கும் முன், ஜனவரியிலேயே தொடங்கினால் இந்த ஆண்டின் பிழைகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். முகாம் நாளைத் தங்கள் சேலம் பதிப்பில் முன்கூட்டியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.