மூன்று மில்லிமீட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அமெரிக்கா வந்து இது இரண்டாவது குளிர்காலம். "அறிவியலே படிக்காத பிள்ளைகளுக்கு அப்படி என்னம்மா நடத்துகிறாய்?" என்று போனில் கேட்டீர்களே, அன்றைக்கு அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை.

இங்கே பல கல்லூரிகளில் எந்தப் பட்டம் படித்தாலும் ஓர் அறிவியல் பாடமாவது முடித்தாக வேண்டும். இசை, வரலாறு, வணிகம் படிக்கிறவர்கள் என் புவி அறிவியல் வகுப்புக்கு வருவது அப்படித்தான். உட்காரும்போதே "எனக்கு சயின்ஸ் வராது" என்பார்கள். பலருக்கும் இதுதான் வாழ்க்கையில் கடைசி அறிவியல் வகுப்பு. அதை நினைத்தால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க மனசு வரவில்லை. போன வருடம் பாறைப் பெயர்களாக அடுக்கினேன். எழுதிக்கொண்டார்கள், ஒப்பித்தார்கள், மறந்துபோனார்கள். தப்பு என்னுடையதுதான்.

இந்த முறை முதல் நாள் ஒரே கேள்வி: கோடையில் ஏன் வெயில் அதிகம்? "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்" என்றார்கள் பாதிப் பேர். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு ஆளுக்கொரு டார்ச் கொடுத்தேன். தாளுக்கு நேராகப் பிடித்தால் சின்ன வட்டம். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்குகிறது. பூமியின் 23.5 டிகிரி சாய்வால்தான் கோடையில் வெயில் நேராகவும் குளிர்காலத்தில் சாய்ந்தும் விழுகிறது என்பதைப் பற்றி அதற்கப்புறம் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நேற்று பில் போடும் காகிதச் சுருளை 46 மீட்டருக்கு வராந்தாவில் விரித்தோம். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. ஒரு மீட்டர் பத்துக் கோடி. டைனோசர்கள் அழிந்த இடம் கடைசி முனையிலிருந்து 66 சென்டிமீட்டர். மனிதர்கள் நாம் வந்து சுமார் 3 லட்சம் ஆண்டு, அதாவது 3 மில்லிமீட்டர். இசை படிக்கும் ஒரு பெண் தரையில் மண்டியிட்டு, பென்சிலால் அந்த மூன்று மில்லிமீட்டரைக் குறித்துவிட்டு, எழுந்திருக்காமல் அப்படியே பின்னால் திரும்பி வராந்தாவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

அடுத்த வாரம் கற்கள். சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும்; அதை ஒவ்வொருவரும் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கல் போதாது, நாளைக்குப் போய்ப் பொறுக்கி வர வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

அன்பு மகள்