சனிக்கிழமை மூலை

தாம்வே, ரங்கூன்

அன்புள்ள ராகேலுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டி எப்படி? பதினோரு மாசமா பதில் போடாத பாவி நான்தான், திட்டறதை எல்லாம் சேர்த்து வை. வைத்தியத்துக்குச் சென்னை வர்ற சபைக்கார அண்ணன் கையில இதைக் கொடுத்தனுப்பறேன். கூட, முகத்துல அரைச்சுப் பூசற தனாக்கா கட்டை ரெண்டு இருக்கும். மருமகளுக்கும் கொஞ்சம் கொடு, கஞ்சத்தனம் பண்ணாதே.

ஒரு காரியம் பண்ணிட்டேன்டி. போதகர்கிட்ட சொல்ல முடியாது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பேப்பரை எடுத்து முகத்தை மறைச்சுக்கிட்டார். அதான் உனக்கு எழுதறேன்.

கீழ்மாடியில மொஹிங்கா, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ், விக்கிற அம்மாவை மறந்திருக்க மாட்டே. நான் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதியில சுரைக்காய் பஜ்ஜி மடிச்சு, எனக்கே திருப்பிக் கொடுத்த அதே புண்ணியவதி. எத்தனை வருஷம் படியில வழிமறிச்சுச் சாட்சி சொல்லியிருப்பேன்! நீயும் "ஜட்சனுக்கே ஆறு வருஷம் ஆச்சுடி"ன்னு சிரிப்பே. 1813-ல அமெரிக்க மிஷனரியா இங்கே வந்து இறங்கினவருக்கு 1819-லதான் முதல் விசுவாசியா மவுங் நா ஒருத்தர் கிடைச்சார், சரி. ஆனா அவருக்கு ரோட்டோரம் ஒரு சயாட், நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரி, இருந்தது. போற வர்றவங்களை உட்காரவச்சுப் பேசலாம். எனக்கு மாடிப்படி. அதுலயும் கரண்ட் வந்துட்டா ரெண்டு பேரும் தண்ணி மோட்டார் போட ஓடணும், இரட்சிப்பு பாதியில நிக்கும்.

2024 பிப்ரவரியில கட்டாய ராணுவச் சட்டத்தைக் கையில எடுத்தாங்களே, 18-லேர்ந்து 35 வயசு வரைக்கும் ஆம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் அன்னைக்கிலேர்ந்து தூக்கம் கெட்டுக் கிடக்கு. அவ மகனும் மே சோட் பக்கம் தாய்லாந்து எல்லையைத் தாண்டறேன்னு கிளம்பினான். ஒன்பது நாள் போன் இல்லை. ராத்திரி மெழுகுவத்தியோட மேல ஏறி வந்து வாசல்லயே உட்கார்ந்துட்டா. "அமா (அக்காவை அப்படித்தானே கூப்பிடுவாங்க), உங்க பயாகிட்ட சொல்லுங்க."

அவளுக்குப் புத்தரும் பயா, கோபுரமும் பயா, நம்ம ஆண்டவரும் பயாதான். விளக்கம் சொல்ல அது நேரமா? பர்மா பாஷையில ஆரம்பிச்சேன். என் பர்மா பாஷை மீன் கடையில பேரம் பேசத்தான் லாயக்கு, ரெண்டு வரியில நின்னுபோச்சு. அப்புறம் தமிழ்லயே கொட்டிட்டேன். ஒரு வார்த்தை புரியாம என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அந்தக் கையில மீனும் எலுமிச்சைப் புல்லும் கலந்த வாசனை.

மூணாம் நாள் பையன் பேசிட்டான்.

அதோட பிடிச்சது சனியன். தமிழ் அமா ஜெபம் பண்ணா நடக்குமாம்! தெரு முழுக்கச் சொல்லிட்டா. ஒருத்தர் மூலத்துக்கு வர்றார், ஒருத்தி மாமியாருக்காக (குணமாகவா, போகவான்னு கேட்கலை). டீக்கடைக்காரன் தாய்லாந்து ஷேர் மார்க்கெட்டோட கடைசி ரெண்டு நம்பர் என்னன்னு ஆண்டவர்கிட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னான், லாட்டரிக்கு. சிரிக்காதே. இத்தனை வருஷச் சாட்சிக்கு நான் ஒரு தாயத்தா ஆயிட்டேன்.

ராகேல், நம்ம தானி பேசி எட்டு மாசம் ஆச்சு. உன் மடியில ஞானஸ்நானத்தப்போ கத்தினானே, அவனேதான். யாருக்கும் சொல்லலை. சபையில கேட்டா "வேலையில இருக்கான், ஸ்தோத்திரம்"ன்னு வாய் தானா சொல்லுது. அடுத்தவ மகனுக்கு ஒரே ராத்திரியில வந்த ஜெபம் இவனுக்கு வரமாட்டேங்குது. முழங்கால் போட்டா வெறும் பெருமூச்சுதான்.

அவ கண்டுபிடிச்சுட்டா. ரொட்டிக்காரனுக்குக் கயிறு இறக்கிக்கிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து நின்னு, "உங்க பையன் என்ன கிழமை பிறந்தான்?"ன்னா. எதுக்குக் கேட்கறான்னு எனக்குத் தெரியாதா? ஷ்வேடகோன் தங்கக் கோபுரத்துல பிறந்த கிழமைக்கு ஒரு மூலை. அங்கே இருக்கிற புத்தர் சிலைக்கு வயசுக்கு மேல ஒரு குவளை கூட்டித் தண்ணி ஊத்துவாங்க.

சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்.

ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மிருகம், சனிக்கிழமைக்கு நாகம்டி. போயும் போயும் பாம்பு! ஏதேன் தோட்டம் வரைக்கும் மனசு ஓடிட்டு வந்தது. ஆனா சொன்னதைத் திரும்ப வாங்கலை. அவ வேகாத வெயில்ல செருப்பில்லாம அந்தக் கல்தரையில நடந்து, 28 குவளை ஊத்திட்டு, நனைஞ்ச கையோட வந்து "ஊத்திட்டேன் அமா"ன்னா. நான் அவ காலைத்தான் பார்த்தேன், பாதம் சிவந்து கிடந்தது. வெண்ணெய் தடவி விட்டேன். உடம்பு, ஆத்துமா எல்லாம் கூசிச்சு, ஆனா சந்தோஷமாவும் இருந்தது. இதுக்கு நீ என்ன சொல்றே? வசனத்தை மட்டும் எழுதி அனுப்பிடாதே, எனக்கும் தெரியும் வசனம்.

இந்தச் சனிக்கிழமையும் போறாளாம். என்னையும் கூப்பிட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்னு சொல்லியிருக்கேன். ஊத்தறப்போ என்ன சொல்லணும்னு கேட்டா. பேரைச் சொன்னா போதும்னேன். தானியேல் அவ வாயில வரலை, கடைசி எழுத்து நழுவிடுது. படியில நின்னு மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டுக் கீழே இறங்கினா.

உன்,
எஸ்தர்