மலைச்சரிவில் ஆலை கட்ட வரும் நண்பனுக்கு

ஹட்டன்

அன்பின் மச்சான்,

கடிதமும் வரைபடச் சுருளும் கிடைத்தன. மகளுக்குப் பொறியியலில் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் ஓய்ந்தபாடில்லை.

நீ கோயம்புத்தூரில் இருந்தபடியே கம்பி அட்டவணை வரை முடித்துவிட்டாய். அதைக் கொஞ்ச நாள் சுருட்டி வை. இலங்கை மலைநாட்டில் கட்டிடத்துக்கு முன்னால் நிலம் பாஸாக வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரி மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் பிரதேச சபையில் கோப்பு நகராது. 2011 சுற்றறிக்கைக்குப் பிறகு இதுதான் நடைமுறை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு இதை வெறும் தாள் வேலை என்று யாரும் சொல்வதில்லை.

அவர்களின் புவியியலாளர் வந்து பார்ப்பது உன் தூணையும் உத்திரத்தையும் அல்ல. மேலிருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, மலையை எவ்வளவு வெட்டப்போகிறாய், வெட்டிய மண்ணை எங்கே கொட்டப்போகிறாய் என்பதைத்தான். உன் படத்தில் 40 மீட்டர் அகலத்துக்கு ஒரே தளம். அதற்குப் பின்பக்கம் 8 மீட்டராவது செங்குத்தாக வெட்ட வேண்டிவரும். இந்தச் செம்மண் பெப்ரவரியில் கல் போல நிற்கும், மழையில் ஊறினால் அந்த இறுக்கம் முழுக்கப் போய்விடும். காய்ந்த காலத்துத் துளைச் சோதனையை நம்பி அடித்தளம் போட்டவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார், மலையோட்டத்துக்கு இசைவாக ஒடுங்கி நீண்டு, மாடி மாடியாக நிற்கும். மாடியெல்லாம் கொழுந்து வாட்ட என்றாலும், மலையை வெட்டும் வேலை குறைந்ததும் ஒரு கூடுதல் லாபம். நீயும் தளத்தை இரண்டு படியாகப் பிரி. வெட்டுக்கு மேலே மழைநீரை மறித்துத் திருப்ப ஒரு மறிகான், தாங்குசுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பு, சுவரில் நீர் வடிய ஒன்றரை மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. குழாய், இவை முதல் படத்திலேயே இருக்கட்டும். தாங்குசுவர் சரிவது பெரும்பாலும் கல் போதாமல் அல்ல, பின்னால் தண்ணீர் தேங்கித்தான்.

அடுத்தது காற்று. 1978 சூறாவளிக்குப் பிறகு இங்கே நாட்டை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். மலைநாடு மூன்றாவது வலயம், சாதாரணக் கட்டிடத்துக்குக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர். கோயம்புத்தூருக்கு உங்கள் இந்தியச் சுமை விதிநூல் ஐ.எஸ். 875 சொல்வது 39. ‘என் கணக்கு கூடுதல் பாதுகாப்புதானே’ என்று நினைக்காதே. உன் இடம் மலைமுகடு. முகட்டுக்கு உன் விதிநூலின் கே3, அதாவது நில மேடுபள்ளத்துக்கான பெருக்கி, 1.36 வரை போகும், 33 அங்கே கிட்டத்தட்ட 45 ஆகிவிடும். அழுத்தமாகப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 653 நியூட்டன் 1209 ஆகிறது. 39-ஐ வைத்துக்கொண்டு முகட்டை மறந்தால் உனக்கு வருவது 913 தான். கூரைத் தகடு முதலில் கிளம்புவது ஓரத்திலும் மூலையிலும், அங்கே திருகு இடைவெளியைக் குறை.

இன்னொரு பொறி: அந்த 33 என்பது 3 விநாடிக் காற்று வீச்சின் வேகம். ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் கேட்பது 10 நிமிடச் சராசரி. மென்பொருளில் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அல்லது பாதியாகும். மென்பொருள் இரண்டையும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

விதிநூல் கலப்பையும் சொல்லிவிடுகிறேன். கொங்கிரீட்டுக்கு இங்கே நெடுநாள் பிரித்தானிய விதிநூல் பி.எஸ். 8110, இப்போது யூரோகோட் பக்கம் நகர்கிறோம், நீ இந்திய ஐ.எஸ். 456. நிலைச்சுமை 10, பயன்பாட்டுச் சுமை 10 என்று வை. பாதுகாப்புப் பெருக்கிகளைச் சேர்த்தால் உன் கணக்கில் 30, பி.எஸ். படியும் 30, யூரோகோட்டில் 28.5. கம்பியின் பலத்தில் நீ 0.87 பங்கு எடுப்பாய், 1997 பி.எஸ். 0.95 எடுக்கும். சுமையை யூரோகோட்டிலும் பலத்தை பி.எஸ்.ஸிலும் எடுத்தவனுக்குக் கம்பி உன் ஐ.எஸ். கணக்கைவிட 13 சதவீதம் குறைந்துபோகும். எதையாவது ஒன்றைத் தலை முதல் கால் வரை பிடி.

கொங்கிரீட்டில் சண்டை வரும் இடம் ஒன்று உண்டு. இங்குள்ள ஆலோசகர் படத்தில் சி25/30 என்று எழுதுவார். முதல் எண் உருளை வடிவச் சோதனைக் கட்டியின் பலம், இரண்டாவது 150 மி.மீ. கனசதுரக் கட்டியின் (கியூப்) பலம். உன் ஆட்கள் 25-ஐ மட்டும் பார்த்து எம்25 கலவை போடுவார்கள், அதன் இலக்குச் சராசரி 31.6. 28-ஆம் நாள் கியூப் 27-இல் உடைந்தால் உன் மேற்பார்வையாளர் பாஸ் என்பார், ஆலோசகர் தூணை உடைக்கச் சொல்வார். சி25/30-க்கு எம்30-தான் சோடி, இலக்கு 38.25. சீமெந்து மூட்டையில் 42.5 என்றிருப்பதை உங்கள் 53 கிரேடோடு ஒப்பிடாதே, சோதிக்கும் முறையே வேறு. ஆனால் கடைக்காரர் ‘ஒரு கியூப் மணல்’ என்றால் சோதனைக் கட்டி இல்லை, உங்கள் ஊர் ஒரு யூனிட்தான், 100 கன அடி. பர்ச் என்பது 272.25 சதுர அடி, உங்கள் சென்ட்டில் முக்காலுக்கும் குறைவு.

மின்சாரப் பலகையை அங்கேயே கட்டி அனுப்புவதாக எழுதியிருந்தாய். இங்கே பின்பற்றும் பிரித்தானிய மின்கம்பி விதி பி.எஸ். 7671 படி நீலம் நியூட்ரல், கறுப்பு உயிர்க்கம்பி. உங்களிடம் நீலம் மூன்றாவது பேஸ், அதாவது உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல். இதில் உயிரே போகும். நிறத்தை மாற்றிக் கட்டு, இல்லையென்றால் ஒவ்வொரு முனையிலும் குறி ஒட்டு.

உன் கம்பனியில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பங்கு என்பதால் காணியை வாங்கப் பார்க்காதே. 2014-இன் 38-ஆம் இலக்கச் சட்டப்படி குத்தகைதான், 99 வருடம் வரை. கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்காமல் இயந்திரத்தை ஓட்டவும் கூடாது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தனி.

இப்போதைக்கு நில அளவைப் படத்தை மட்டும் அனுப்பு, 1 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோட்டோடு. இடம் பார்க்க பெப்ரவரியில் வராதே, ஜூனில் வா. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும். குடையை நான் தருகிறேன், அட்டைக்கு உப்பும் இருக்கிறது. நீளக் காற்சட்டை மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்