மாம்பழத்துக்குச் சுடுநீர்த் தொட்டி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு மாகாண மாம்பழங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது குறித்து அண்மையில் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. கன்று, மானியம், சந்தை எல்லாம் பேசப்பட்டிருந்தன. சரி, பழ ஈயை யார் பார்ப்பது? ஈ பழத்தோலுக்கு அடியில் முட்டையிடுகிறது; முட்டை பொரித்துப் புழுவாகி உள்ளேயே வளர்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்ததும் இந்தப் புழுவால்தான். உள்ளிருக்கும் புழுவைக் கொல்ல, அமெரிக்காவுக்குப் போகும் மெக்சிகோ மாம்பழங்களைச் சுமார் 46 பாகை செல்சியஸ் நீரில், எடையைப் பொறுத்து ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக அமிழ்த்தி வைக்கிறார்கள். சூடு குறைந்தால் புழு பிழைக்கும், கூடினால் தோல் கருகும். கிடாரத்தில் நீர் கொதிக்கவைத்துக் கைபார்த்துச் செய்கிற வேலையல்ல இது.

செங்கலடியில் எங்கள் வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் சென்ற பருவம் ஒரு கீறலும் இல்லாத காய்களாகப் பார்த்துப் பறித்து, கொழும்பிலுள்ள உறவினருக்கு அனுப்பினேன். நாலாம் நாள் தொலைபேசி வந்தது: வெட்டிய பழமெல்லாம் புழு. உறவினர் என்பதால் சிரித்துவிட்டார்கள். துறைமுகத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆகவே, ஏற்றுமதி ஒப்பந்தங்களுக்கு முன்னர் மட்டக்களப்பில் விவசாயிகள் கூட்டாகப் பயன்படுத்தக்கூடிய, வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் சுடுநீர்த் தொட்டி ஒன்றை விவசாயத் திணைக்களம் அமைத்துத் தரவேண்டும். அதை இயக்க நம்மூர் இளைஞர்கள் இருவரையாவது பழக்கினால் போதும்.

வீட்டுத்தோட்டக்காரர் ஒருவர்,
செங்கலடி.