பாம்பன் தூக்குப் பாலத்தைக் கரையில் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பாம்பன் ரயில் பாலத்தை அகற்றும் ஏற்பாடு பற்றிய செய்தியைப் படித்தேன். புதிய பாலம் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலம் உப்புக்காற்றில் அரித்துப்போனது. கடைசிக் காலத்தில் ரயில் அதன்மேல் ஊர்ந்துதான் போனது. 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் பயணிகள் மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பஸ் பிடித்தார்கள். வயதானவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் பழைய பாலமே போதும் என்று பேசமாட்டார்கள்.

ஆனால் கப்பலுக்கு வழிவிட நடுவிலுள்ள, ‘ஷெர்ஸர்’ என்ற வகைத் தூக்குப் பாலத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது. இருபுறமும் ஆட்கள் நின்று நெம்புகோல்களைத் தள்ளுவார்கள், பற்சக்கரங்கள் சுழல, இரண்டு இறக்கைகளும் மெல்ல மேலெழும், கப்பல் கடந்துபோகும். முழுக்க மனிதக் கைபலம்! 1964 புயல் தனுஷ்கோடியை அழித்து, இந்தப் பாலத்தின் பெரும்பகுதியையும் அடித்துச் சென்றபோது தூக்குப் பகுதி தாக்குப்பிடித்தது. மீதியை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது.

கடலில் விட்டுவைப்பது ஆபத்து என்றால் கழற்றிக் கரையில் நிறுத்தலாம். ஓர் இறக்கையும் அந்தப் பற்சக்கரங்களும் இருந்தால்கூடப் போதும். பள்ளிப் பிள்ளைகள் கையால் சுழற்றிப் பார்க்கட்டும். புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மோட்டார் விசையில் செங்குத்தாக உயர்வதையும் பக்கத்திலேயே விளக்கி வைக்கலாம். உடைப்பு வேலை அந்த இடத்தை எட்டுமுன் ரயில்வே நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
ராமநாதபுரம்